மூன்றாவது பெடல்

அத்தியாயம் 9

கண்ணாடியை யாரோ தட்டினார்கள்.

குணசுந்தரி கண்ணைத் திறந்தபோது எதிரே ஸ்டியரிங் இல்லை. ஒரு கணம் நெஞ்சு நின்றுவிட்டது. தான் இடது பக்கத்து சீட்டில் சாய்ந்திருப்பதும், கார் ஓடாமல் நிற்பதும் பிறகுதான் உறைத்தது. கூலிம் டவுனில், சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் கழுவும் நிலையத்துக்கு எதிரே, மரத்தடி நிழல்.

வெளியே கணவன் லோகேஸ்வரன் நின்றான். கையில் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய கோப்பி.

"குடி. அப்பா வெளியாகப் போறாரு."

"நான் தூங்கல. சும்மா கண்ணை மூடியிருந்தேன்."

"ஆமாமா. கொறட்டைதான் பக்கத்துக் காடி வரைக்கும் கேட்டுச்சு."

அவள் சிரிக்கவில்லை. உறிஞ்சு குழாயைப் பல்லால் கடித்தபடி கோப்பியை இழுத்தாள். சர்க்கரை அதிகம். பேக்டரியில் பன்னிரண்டு மணி நேரம் மைக்ராஸ்கோப்பில் மின்னணுச் சில்லு பார்த்துவிட்டு வந்த கண்களுக்கு, வெளியில் இருந்த வெயில் கூசியது.

ஒரு வாரமாக அந்த வீட்டில் கியர் பாக்ஸைத் தவிர வேறு பேச்சில்லை.

போன செவ்வாய்க்கிழமை அவள் வழக்கம்போல இரவு ஷிப்ட் முடித்து, வீட்டுக்குப் போய் மாமனாரை ஏற்றி, இங்கே கொண்டுவந்து விட்டு, அவருக்கு ரத்தம் கழுவி முடியும் வரை காரிலேயே கிடந்து, திரும்ப ஏற்றிக்கொண்டு போனாள். வாரத்தில் மூன்று நாள் இதுதான் அவள் பாடு. லோகேஸ்வரன் ஏர்கான் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போய்விடுவான். வீட்டின் ஒரே கார், பழைய ஆட்டோ கியர் கார், அவள் கையில்தான்.

அந்தச் செவ்வாய், செம்பனைத் தோட்டத்து ரோட்டில், கார் நேராகப் போய் ஓரத்து லொங்காங் வாய்க்காலில் மூக்கைக் குத்தி நின்றது. காயம் யாருக்கும் இல்லை. என்ன ஆச்சு என்று ஓடிவந்தவர்கள் கேட்டார்கள். கணவன் கேட்டான். எல்லாருக்கும் அவள் சொன்னது ஒன்றுதான்.

"கியர் இழுத்துருச்சு."

பொய். கியர் இழுக்கவில்லை. கண்தான் இழுத்துக்கொண்டு போனது.

அன்று ராத்திரியே லோகேஸ்வரன், "இந்தக் காடி மேல இனிமே நம்பிக்கை இல்ல. புதுசு பார்த்துடலாம்" என்றான். வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பான்.

அதனால்தான் இன்று அவன் லீவு எடுத்திருக்கிறான். இங்கிருந்து நேராகச் சுங்கைப் பட்டாணி. ஷோரூமில் கார் தயார், கையெழுத்துதான் பாக்கி என்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான். என்ன கார் என்று கேட்டதற்கு, "வந்து பாரேன்" என்பதோடு சரி.

நிலையத்தின் கதவு திறந்து மாமனார் அய்யாவு வந்தார். கையில் பிளாஸ்டர். ஒரு காலத்தில் எஸ்டேட் லாரி ஓட்டியவர், இப்போது வாசல் படியில் இறங்கவே கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"கழுவியாச்சா மாமா?"

"கழுவிக் காயப் போட்டுட்டானுங்க. இஸ்திரிதான் போடல." குணசுந்தரி இறங்கி விட்ட முன் சீட்டில் மெதுவாக உட்கார்ந்தார். "ஏன்டா லோகு, வரிசையில நின்னு வாங்குற அளவுக்கு அப்படி என்னா காடி?"

"வந்து பாருங்கப்பா."

குணசுந்தரி பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். லோகேஸ்வரன் ஓட்டினான். நெடுஞ்சாலையில் நூறைத் தாண்டிப் போனான். கியரைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அது அவளுக்கு அப்போது விசித்திரமாகப் படவில்லை. ஏறிய கொஞ்ச நேரத்தில் மறுபடி தூங்கிவிட்டாள்.

* * *

ஷோரூம் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளையும் சாம்பலுமாக நாலைந்து கார்கள். குடும்பக் கார்கள். பின்னால் ஸ்ட்ரோலர் வைக்கலாம், அரிசி மூட்டை வைக்கலாம், சக்கர நாற்காலியை மடித்து வைக்கலாம். குணசுந்தரி அவற்றின் பக்கம் நடந்தாள்.

"அங்க இல்ல. இங்க" என்றான் லோகேஸ்வரன்.

தனியாக ஒரு ஓரத்தில், எலுமிச்சை மஞ்சளில் ஒன்று நின்றது. சின்னது. நாலு கதவு, பின்னால் தூக்கும் கதவு, அகலமான டயர், தரையோடு ஒட்டிய வயிறு. குனிந்து பாயத் தயாராக இருக்கிற பூனைபோல.

"வாங்கண்ணே. அக்கா, வாங்க." தலையில் நீல முக்காடும் கழுத்தில் பெயர் அட்டையுமாக ஒரு பெண் வந்தாள். நூருல் ஐன். "அண்ணே போன வாரமே வந்து மயங்கிட்டுப் போயிட்டாங்க. ஆயிரம் சிசிதான் அக்கா. ஆனா டர்போ. மேல ஏறுறப்ப ரெண்டாயிரம் சிசி காடியெல்லாம் பின்னாலதான் வரும்."

"ஆயிரமா?" அய்யாவு நாற்காலி ஒன்றைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். "தேத்தண்ணி கெத்தல்லயே அதைவிடப் பெருசு இருக்குமே."

"மூணு சிலிண்டர். லேசு. அதான் பவரு."

"நாலாவதை எங்க விட்டுட்டு வந்தானுங்க? நான் ஓட்டுன லாரிக்கு ஆறு இருந்துச்சு பாப்பா."

"அதான் தாத்தா அது லாரி."

"தாத்தான்னு கூப்பிட்டா நான் காடி வாங்க விடமாட்டேன்."

"சரி மாமா. கோபப்படாதீங்க மாமா."

அய்யாவு திருப்தியாகக் காலை நீட்டிக்கொண்டார்.

சோதனை ஓட்டத்துக்கு லோகேஸ்வரன் ஓட்டுனர் சீட்டில், ஐன் அவன் பக்கத்தில், குணசுந்தரி பின்னால். முழங்கால் முன் சீட்டில் இடித்தது. எஞ்சின் முதலில் குறுகுறுத்தது. பிறகு, ஷோரூம் கேட்டைத் தாண்டியதும், தொண்டையைத் திறந்தது.

அப்போதுதான் அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

பழைய காரில் அவன் ஓட்டும்போது இடது கை தொடைமேல் கிடக்கும். சிக்னலில் தாளம் போடும். இன்று அந்தக் கைக்கு வேலை இருந்தது. நடுவிலிருந்த குட்டைத் தண்டை முன்னே தள்ளியது, இழுத்தது, பக்கத்தில் சாய்த்தது. அதோடு சேர்ந்து இடது முழங்கால் ஏறி இறங்கியது.

மேனுவல்.

ஐன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். குணசுந்தரி காதில் விழவில்லை. கண்ணாடியில் கணவன் முகத்தைப் பார்த்தாள். நேர் ரோட்டில் அவன் மிதித்தபோது முதுகு சீட்டோடு ஒட்டியது, அவன் உதடு லேசாகத் திறந்தது. கல்யாணத்துக்கு முன்னால் யாரோ ஒரு கூட்டாளியின் காரைக் கடன் வாங்கி அவளை ஜெராய் மலைக்கு ஏற்றிப் போனானே, அந்த முகம். வளைவுக்கு வளைவு அவன் சிரித்துக்கொண்டே போனதும், அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு திட்டியதும்.

இந்த முகத்தை அவள் பார்த்து வருடங்கள் ஆகிவிட்டன. அதுதான் அவளுக்கு இன்னும் களைப்பாக இருந்தது. இந்த மனுஷனிடம் எப்படிக் கோபப்படுவது?

திரும்பி வந்து நின்றதும் ஐன் இறங்கிக் கதவைத் திறந்தாள். "அக்கா, நீங்களும் உக்காந்து பாருங்க. சீட்டு உங்களுக்கும் கரெக்டா இருக்கும்."

குணசுந்தரி ஓட்டுனர் சீட்டில் உட்கார்ந்தாள். குனிந்து பார்த்தாள். எண்ணெய் கொடுக்கும் பெடல். பிரேக். இடது ஓரத்தில் மூன்றாவதாக ஒன்று. அவள் இடது காலுக்கு அங்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. தரையில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"இதுல ஆட்டோ இல்லையா?"

"இந்த மாடல் மேனுவல் மட்டும்தான்கா. அதுலதான் ஓட்டுற சுகமே, ஷியோக்கே இருக்கு."

"எனக்கு ஆட்டோ லைசன்தான்."

ஐனின் சிரிப்பு பாதியில் நின்றது. ஆட்டோ லைசனை வைத்துக்கொண்டு மேனுவல் ஓட்டினால், போலீஸ் கண்ணுக்கு லைசனே இல்லாதவர் கணக்குதான். கார் விற்கிறவளுக்கு அது தெரியாமல் இருக்காது.

அந்த லைசனும் லோகேஸ்வரன் சொல்லி எடுத்ததுதான். மேனுவலில் டெஸ்ட் போனபோது புக்கிட் மேட்டின் ஏற்றத்தில் நிறுத்தி எடுக்க முடியாமல் கார் பின்னால் உருண்டது. இரண்டாவது தடவையும் உருண்டது. வெளியில் நின்று பார்த்தவன் அவள் தோளைத் தட்டி, "விடு, ஆட்டோவுல எடு. நம்ம வீட்டுல எப்பவும் ஆட்டோதானே இருக்கப் போவுது" என்றான். அதைச் சொன்னவன் இப்போது காரின் மறுபக்கம் நின்று டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லக்கா... அண்ணே சொன்னாங்களே" என்று ஐன் இழுத்தாள். "அக்கா ஓட்ட மாட்டாங்க, இனிமே கம்பெனி பஸ்லதான் போவாங்கன்னு. அதனாலதான் நானும் பேப்பர் ரெடி பண்ணிட்டேன். லோன் உங்க பேர்ல தானே. சைன் மட்டும் போட்டா போதும்."

லோகேஸ்வரன் கம்பெனி மாறி மூன்று மாதம்கூட ஆகவில்லை. வங்கிக்காரன் அவள் சம்பளச் சீட்டைத்தான் கேட்பான் என்று அவளுக்குத் தெரியும். அதை அவளே நேற்று போனில் அனுப்பியும் வைத்தாள்.

குணசுந்தரி சீட்டிலிருந்து எழுந்தாள். தரையோடு ஒட்டிய கார். எழுவதற்குக் கதவைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"ஏங்க?"

அவன் டயரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்.

"ஆட்டோ கியர் இழுக்குதுன்னு நீதானே சொன்ன. எனக்கு ஆட்டோ மேல நம்பிக்கை போயிருச்சு. அதான் மேனுவல்."

அவள் சொன்ன பொய் அவள் வாயையே அடைத்து நின்றது.

* * *

பழைய கார் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அய்யாவு உள்ளே முன் சீட்டில் உட்கார்ந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, காய்ந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது என்பதால் மெதுவாக மென்றார். கணவனும் மனைவியும் காரின் பின்பக்கம் நின்றார்கள்.

"கம்பெனி பஸ்னு எப்ப முடிவு பண்ணீங்க?"

"சுந்தரி, இங்க வேணாம். வீட்டுல பேசலாம்."

"வீட்டுல போனா நான் தூங்கணும். ராத்திரி ஷிப்ட் இருக்கு. இங்கயே சொல்லுங்க."

உள்ளேயிருந்து அய்யாவுவின் குரல் வந்தது.

"லோகு. காளிதாசன் என்னா சொன்னான்னு அவகிட்ட சொல்லுடா."

"அப்பா, நீங்க சும்மா இருங்க."

"நான் ஒண்ணும் சொல்லல சுந்தரி. சத்தியமா. இவனாத்தான் கண்டுபிடிச்சான்."

காளிதாசன் மெக்கானிக். லொங்காங்கிலிருந்து தூக்கிய காரை அவனிடம்தான் விட்டிருந்தார்கள்.

"ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்தான்" என்றான் லோகேஸ்வரன். "நானும் ஓட்டிப் பார்த்தேன். கியர்ல ஒண்ணும் இல்லன்னுட்டான். பம்பர் மட்டும்தான் போச்சு."

ரோட்டில் லாரி ஒன்று போனது.

"தூங்கிட்டேன்" என்றாள் குணசுந்தரி.

"தெரியும்."

"தெரிஞ்சும் ஒரு வாரமா கேக்கல."

"கேட்டா என்னா சொல்லுவே? கியர்னுதான் சொல்லுவே."

"ஓட்டாதேன்னு நேரா சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கேப்பியா?"

"கேக்க மாட்டேன். ஆனா நீங்க சொல்லியிருக்கணும். இது என்னா? சத்தமே இல்லாம நான் ஓட்ட முடியாத காடியா பார்த்து, என்கிட்டயே சைன் வாங்கி, என் பேர்லயே எடுத்து..." மூச்சு வாங்கியது. குரலை உயர்த்த உடம்பில் தெம்பில்லை. "சம்பளச் சீட்டு மட்டும் என்னோடது வேணும். நான் வேணாம்."

"அப்படிச் சொல்லாத. அன்னைக்கு அப்பா உள்ள இருந்தாரு. நீ உள்ள இருந்த. எதிர்ல லாரி வந்திருந்தா? ராத்திரியெல்லாம் அதுதான் எனக்குக் கண்ணுக்கு முன்னால வருது. பஸ்ல போனா தூங்கிக்கிட்டே வரலாம்."

"அப்பாவை யாரு ஏத்திட்டு வர்றது?"

"நான் பார்த்துக்கறேன்."

"எப்ப? வாரம் மூணு நாள், காலையில. உங்க பாஸ் விடுவானா?"

லோகேஸ்வரன் தரையில் கிடந்த கல்லைக் காலால் தள்ளினான்.

"வாரம் ஒரு நாள்?"

அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான்.

"நெசத்தைச் சொல்லுங்க. எனக்காக மட்டும்தான் அந்த மஞ்சக் காடியா?"

லோகேஸ்வரன் கண்ணாடிச் சுவரைத் திரும்பிப் பார்த்தான். மஞ்சள் கார் அங்கேதான் நின்றது.

"எனக்கும் பிடிச்சிருக்கு. பொய் சொல்ல மாட்டேன். பதினாலு வருஷமா காலையில எந்திரிச்சு யாரோ வீட்டு ஏர்கான்ல தலையை விட்டு அழுக்கைக் கழுவுறேன். ஒரு தடவையாவது, எனக்குன்னு ஒண்ணு..." நிறுத்திக்கொண்டான். "உன்னைக் காப்பாத்துறதுக்குன்னு காரணம் கிடைச்சதும், இதையே வாங்கிடலாம்னு தோணிருச்சு."

"பின்னால உக்காந்து உங்க மூஞ்சியைப் பார்த்தேன். அதான் கத்தாம நிக்கிறேன்."

அவன் நிமிர்ந்தான்.

"இப்ப நான் சொல்றதைக் கேளுங்க" என்றாள் குணசுந்தரி. "எங்க பேக்டரியில நார்மல் ஷிப்ட்டுக்கு ஒரு இடம் விழுந்திருக்கு. என்கூட வேலை செய்யுற வாசுகி சொன்னா. காலையில போயி சாயங்காலம் வர்ற வேலை. அப்பாவோட நேரத்தையும் சாயங்காலத்துக்கு மாத்திக் கேக்கலாம், அங்க ஆள் குறைவு. நான் ராத்திரி மனுஷி மாதிரி தூங்குவேன். காடியில தூங்க மாட்டேன்."

"நல்லதுதானே. ஏன் சொல்லல?"

"நைட் அலவன்ஸ் போயிரும். அது போனா அந்தச் சம்பளத்துக்கு பேங்க்காரன் அந்த மஞ்சக் காடியைத் தரமாட்டான். பழசையே வச்சு ஓட்டணும். பம்பரை மட்டும் மாத்திக்கிட்டு."

லோகேஸ்வரன் மறுபடி அந்த மஞ்சளைத் திரும்பிப் பார்த்தான்.

"மஞ்சக் காடி வேணும்னா நான் ராத்திரி வேலைக்குப் போகணும். போனா தூங்குவேன். பஸ்லயோ, அப்பாவைக் கூட்டிட்டு வர்ற வாடகைக் காடியிலயோ, மைக்ராஸ்கோப் மேலயோ. எங்கயாவது விழுவேன். ரெண்டுல எதுன்னு நீங்க சொல்லுங்க. சைன்தானே, நீங்க சொன்னா போடுறேன்."

அய்யாவு ரொட்டி மெல்லுவதை நிறுத்தியிருந்தார்.

லோகேஸ்வரன் ஷோரூமுக்குள் போனான்.

குணசுந்தரி காரில் சாய்ந்து நின்றபடி கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அவன் ஐனின் மேசைக்கு முன்னால் நிற்பது தெரிந்தது. உட்காரவில்லை. ஐன் ஏதோ கேட்டாள், அவன் பின்கழுத்தைத் தடவினான். அவள் காகிதங்களைக் காட்டினாள், அவன் தலையை ஆட்டினான். ஆமா என்றா, இல்லை என்றா, இங்கிருந்து தெரியவில்லை. வெளியே வருவதற்கு முன் அந்த மஞ்சள் காரின் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தான்.

"சொல்லிட்டேன்" என்றான்.

"என்னான்னு?"

"யோசிச்சு சொல்றேன்னு. வேற ஒரு ஆளும் அதுக்குக் காத்துக்கிட்டு இருக்காம். ரெண்டு நாள் வச்சிருக்கேன்னு சொன்னா அந்தப் பொண்ணு."

"அவளா சொன்னாளா, நீங்க கேட்டீங்களா?"

சாவியைக் கையில் உருட்டினான். "நான்தான் கேட்டேன்."

வேண்டாம் என்று சொல்ல அரை நிமிடம் போதும். அவன் இரண்டு நாள் கேட்டிருந்தான்.

குணசுந்தரி பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். இந்தத் தடவை தூக்கம் வரவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்து, வாசுகிக்கு ஒரே வரி தட்டினாள். அந்த இடம் இன்னும் இருக்கா?

டவுனைத் தாண்டி, பெரிய சிக்னலில் கார் சிவப்புக்கு நின்றபோது பதில் வந்தது. படித்தாள். மடியில் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

கண்ணாடியில் லோகேஸ்வரனின் கண்கள் தெரிந்தன. "யாரு?"

"வாசுகி."

"என்னாவாம்?"

"இடம் இருக்காம். இன்னொருத்தியும் கேட்டிருக்காளாம்."

"ரெண்டு நாள் பொறுக்கச் சொல்லேன் லா."

"முடியாதாம். இன்னைக்கு ராத்திரி ஷிப்ட் ஆரம்பிக்கிறதுக்குள்ள பேரு குடுக்கணுமாம்."

அவன் திரும்பினான். கண்ணாடி வழியாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, உடம்போடு பின்னால் திரும்பி அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தவன்போல வாய் திறந்திருந்தது. அவள் காத்திருந்தாள். மறுபடி நிமிர்த்திய போனின் மேல் அவள் கட்டைவிரல் தயாராக இருந்தது.

பின்னாலிருந்த கார் ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

"பச்சை விழுந்துருச்சுடா" என்றார் அய்யாவு, கண்ணைத் திறக்காமலே. "எந்தப் பக்கமாவது போ."